அறுவை வீதியும் எல்லைச் சாலையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை நெருங்குமுன் வரும் சிற்றூர் உதியன்குளங்கரை. இச்சாலைவழியே செல்லும் தமிழருக்கு, எல்லை அண்மையில் உள்ளதென்பதைக் கடைகளின் முகப்பே கூறிவிடும். கசவுக்கரை வெண்டுகிலும் வண்ணப் பட்டும் ஒருங்கே காட்சி தரும் பகுதி இது.

சரக்கைக் கண்கவர அடுக்கி வைப்பது மேனாட்டார் கற்பித்த கலை என்று நம்மிற் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மதுரைக் காஞ்சி, பகலில் நாளங்காடியும் மாலையில் அல்லங்காடியும் நடந்த மதுரையைக் காட்டுகிறது. கள் விற்குமிடத்தையும் அங்குக் கொடியே அறிவித்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலோ அறுவை வீதி, அதாவது துணிக்கடைத் தெரு, தனியே வருகிறது. பருத்தி நூலிலும் மயிரிலும் பட்டிலும் நெய்த ஆடைகள் மடித்து நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தனவாம். கோவலன் கண்ட அந்த அடுக்கை இன்றும் எந்த ஜவுளிக் கடையிலும் காணலாம்.

உதியன்குளங்கரைக்கு வடக்கே, அதே சாலையில், பலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராமவர்மாவின் பெயர் தாங்கிய ஊர். அவர் காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடிகள் வரவழைக்கப்பட்டு அங்கே நெசவுத் தெருக்களில் குடியமர்த்தப்பட்டனர். நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்! குழித்தறியில் கைநாடா எறிந்து அவர்கள் நெய்த துணிக்கு இருபுறமும் ஒரே தோற்றம். ஆதலின் கடைக்காரர் எப்பக்கத்தை வெளியே காட்டி மடித்தாலும் குறையில்லை; கசவுக்கரை மட்டும் மேலே தெரிய வேண்டும்.

ஆயினும் அடுக்கி வைத்தபின் மறந்துவிடலாகாது. மழைக்கால ஈரத்தில் சரிகை கறுக்கும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் இழை நைந்துபோகும். ஆகவே அவ்வப்போது பிரித்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி அடுக்குவர். வண்ணத் துணியாயின் நேர்வெயிலும் பகை. மின்விளக்கும் கண்ணாடிப் பெட்டியும் வந்த பின்னும் இவ்வேலை குறைந்தபாடில்லை.

இதைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. விசைத்தறித் துணியும் இதே வெண்மையும் கரையும் பூண்டு, இதே அலமாரியில் வந்து அமர்கிறது, விலையும் குறைவு. இரண்டையும் கலந்து அடுக்கினால் வாங்குவோர் மலிவானதையே எடுப்பர்; நாள் முழுதும் தறியில் அமர்ந்தவன் கூலி அங்கேயே கரைந்துவிடும். பலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உண்மை. ஆனால் அச்சான்று பெயரைத்தான் காக்கும். கைத்தறிக்குத் தனித்தட்டு ஒதுக்குவது கடைக்காரர் கையில் இருக்கிறது. தட்டின்மேல் 'கைத்தறி' என்று ஒரு சீட்டு ஒட்ட என்ன செலவாகிவிடும்?

1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு களியக்காவிளையருகே விழுந்தது. வாங்குவோர் கால்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆவணியில் ஓணத்துக்காக வெண்டுகில் முன்வரிசைக்கு வரும். ஐப்பசி நெருங்கியதும் அது உள்ளே போய், தீபாவளிப் பட்டு அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.