அம்மச்சிக்கு ஒரு குர்பான

போன ஜனவரி. வெளியே மைனஸ் இருபது. ராத்திரி பதினொன்றரைக்கு எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். ஊர் கும்பளங்கி. கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த கிராமம். 2019-இல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீரும் வலையும் கண்ணில் நிற்கும். அவர் மனைவியின் அம்மா ஊரில் இறந்துவிட்டார். விசா புதுப்பிப்பு பாதியில் தொங்குவதால் போக முடியவில்லை. போனால் திரும்பி வருவது எப்போது என்று தெரியாது. இந்த நிலைமையை உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடக்கத்தை போனில் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவர் என்னிடம் கேட்டார்: "சேட்டா, நீங்கள் சி.எஸ்.ஐ. தானே? தெரு முனையில் எபிஸ்கோப்பல் பள்ளி இருக்கே, அங்கே அம்மச்சிக்கு ஒரு குர்பான சொல்லச் சொன்னால் சரியாகுமா?" (பள்ளி என்றால் அவர்களுக்குக் கோயில். குர்பான என்றால் பூசை.) கத்தோலிக்கக் கோயில் நாற்பது மைல் தள்ளி. அந்த வாரம் பனிப்புயலில் சாலை மூடியிருந்தது.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவனுக்கு "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்ற கேள்வி தாய்ப்பாலோடு வந்தது. அவர்களுக்குச் செபம், நமக்கு ஜெபம். அவர்களுக்குச் சாமியார், நமக்கு ஐயர். ஐயருக்கு வீட்டில் ஐயரம்மா உண்டு, சாமியாருக்குக் கிடையாது. அவர்கள் பிஷப்பை ஆயர் என்பார்கள், ஆர்ச்பிஷப் தான் பேராயர். நாம் பிஷப்பையே பேராயர் ஆக்கிவிட்டோம்! இவ்வளவு தெரியும். ஆனால் ஒருவர் செய்யும் பூசை இன்னொருவருக்குச் செல்லுமா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

வந்த புதிதில் இவர்கள் ஒருமுறை அதே எபிஸ்கோப்பல் கோயிலுக்குள் தெரியாமல் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். பீடம், மெழுகுவர்த்தி, பூசை உடை, விசுவாசப் பிரமாணம், எல்லாம் ஊரில் உள்ளது போலவே. வாசகங்கள் கூட ஏறக்குறைய அதே. பிறகு பீடத்தில் நின்றவர் திரும்பினார். "சேட்டா, அச்சன் பெண்ணு!" அந்த அதிர்ச்சியை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார். அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை பெண்களுக்குக் குருப்பட்டத்தை 1976-இல் அனுமதித்தது. நம் சி.எஸ்.ஐ.யிலும் 2013-இல் ஆந்திராவின் நந்தியாலுக்கு ஒரு பெண், புஷ்பா லலிதா, பேராயர் ஆனார். ரோமில் இன்றுவரை இல்லை.

நிற்க. "ஹென்றி ராஜா ரெண்டாம் கல்யாணம் பண்ண ஆரம்பித்த சபை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள் ஆர்.சி. நண்பர்கள். பாதிதான் சரி. எட்டாம் ஹென்றி 1534-இல் போப்பிடமிருந்து பிரிந்தார். ஆனால் 1539-இல் அவரே சட்டம் போட்டு, குருக்கள் மணம் செய்யக் கூடாது, அப்பமும் ரசமும் மெய்யாகவே உடலும் இரத்தமும் ஆகிறது என்பதையெல்லாம் காப்பாற்றினார். போப் மட்டும்தான் போனார். உள்ளே மாறியது மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1549-இல் ஆங்கில ஜெபப்புத்தகம் வந்தபோது.

இதைப் புரியவைக்க நான் இங்கிலாந்துக்குப் போகவில்லை. கும்பளங்கியிலிருந்து பஸ் ஏறினால் வரும் ஃபோர்ட் கொச்சிக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன், பேச்சில்தான்.

அங்கே செயின்ட் பிரான்சிஸ் கோயில் இருக்கிறது. 1503-இல் போர்த்துகீசியர் மரத்தில் கட்டியது, பிறகு கல்லில் எடுத்தது. வாஸ்கோ ட காமா 1524-இல் கொச்சியில் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டார். பதினான்கு வருடம் கழித்து எலும்பை லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். 1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபை. சுரூபம் ஆகாது, போப் ஆகாது, பிஷப்பும் ஆகாது. கோட்டைக்குள் இருந்த மற்றக் கத்தோலிக்கக் கோயில்களில் பலவற்றை இடித்தார்கள், இதை மட்டும் தங்கள் கோயிலாக்கிக் கொண்டார்கள். 1751 முதல் 1804 வரை அவர்கள் எழுதிய ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, 'டூப் புக்' என்பார்கள். 1795-இல் வெள்ளைக்காரன் வந்தான். 1804-இல் கோயில் ஆங்கிலிக்கன் சபைக்குக் கைமாறியது. 1947-இல் சி.எஸ்.ஐ.

ஒரே சுவர்கள். 1503-லிருந்து 1663 வரை போப்பும் உண்டு, பிஷப்பும் உண்டு. 1804 வரை இரண்டும் இல்லை. அதற்குப் பிறகு பிஷப் உண்டு, போப் இல்லை. இந்த மூன்றாவதுதான் ஆங்கிலிக்கன், அமெரிக்காவில் அதன் பெயர் எபிஸ்கோப்பல். கிரேக்கத்தில் 'எபிஸ்கோப்போஸ்' என்றால் மேற்பார்வையாளர், அதாவது பிஷப். இந்த நாடு விடுதலை பெற்றபின் 'இங்கிலாந்து சபை' என்று சொல்லிக்கொள்ள முடியாதே. அவர்களின் முதல் பிஷப் சாமுவேல் சீபரி லண்டனில் பட்டம் பெறவேண்டுமானால் இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். அதற்குப் பதில் 1784-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பெற்றார்.

ஏன் இவ்வளவு அலைச்சல்? பிஷப் கைவைத்துப் பிஷப், பிஷப் கைவைத்துக் குரு. அந்தச் சங்கிலி அப்போஸ்தலர் வரை போக வேண்டும். இதில் இரு சபையும் ஒன்று. அது அறுந்ததா இல்லையா என்பதில்தான் சண்டை. எட்வர்ட் காலத்துப் பட்டமளிப்பு முறையில், குரு பலி ஒப்புக்கொடுப்பவர் என்ற கருத்தை எடுத்துவிட்டார்கள், அதோடு சங்கிலி அறுந்தது என்று 1896-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தீர்ப்பு எழுதினார்: ஆங்கிலிக்கன் குருப்பட்டம் செல்லாது. பட்டம் செல்லாது என்றால் அந்தக் கையால் செய்யும் பூசையும் பூசை ஆகாது. மாதா பற்றிய 1854, 1950 பிரகடனங்கள், போப் தவறமாட்டார் என்ற 1870 பிரகடனம் இவற்றையும் ஆங்கிலிக்கன்கள் ஏற்பதில்லை. ஆனால் அவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வாசலில் தடுக்காது. இந்தத் தீர்ப்பு தடுக்கும்.

இதிலும் ஒரு வேடிக்கை. 1966 மார்ச்சில் போப் ஆறாம் பவுல், தன்னைப் பார்க்க வந்த கான்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சேக்குத் தன் பிஷப் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிஷப்பே இல்லாதவருக்கு எதற்கு பிஷப் மோதிரம்? தீர்ப்பை யாரும் திரும்பப் பெறவில்லை. மோதிரத்தையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஞானஸ்நானம் மட்டும் வேறு கதை. தண்ணீரும் திரித்துவத்தின் பெயரும் இருந்தால் இருவருக்கும் செல்லும்.

இறந்தவர் விஷயத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. அங்கே இருக்கும் ஆத்துமாவுக்குப் பூசை உதவும், அதனால்தான் பெயர் சொல்லி ஒப்புக்கொடுப்பது. ஆங்கிலிக்கன்களின் 39 விதிகளில் 22-ஆவது, அந்த ஸ்தலத்தைப் பற்றிய ரோமப் போதனையைத் தள்ளுகிறது. எங்கள் ஊரில் இறந்தவருக்காக ஜெபிப்பது வழக்கமில்லை, அவருக்காக நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் எபிஸ்கோப்பலின் 1979 ஜெபப்புத்தகத்தில் இறந்தவருக்கான ஜெபம் தாராளமாக இருக்கிறது. எனக்கே அது புதுச் செய்தி. என் அப்பாவுக்கு அப்படி யாரும் ஜெபித்ததில்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

எனவே நான் சொன்ன பதில்: அங்கே ஜெபிக்கலாம், பெயர் வாசிக்கச் சொல்லலாம். ஆனால் உங்கள் சபைக் கணக்கில் அது குர்பான ஆகாது. நற்கருணை ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும் அவர்கள் தருவார்கள், வாங்கக் கூடாது என்று சொல்வது உங்கள் சபை.

கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அதுவரை பேசவில்லை. "ஃபோர்ட் கொச்சியில் சாந்தா குரூஸ் பார்த்திருக்கீங்களா?" என்றார். நான் அதை விட்டுவிட்டேன். செயின்ட் பிரான்சிஸ் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போன கதையைச் சொன்னவன், பக்கத்திலேயே இருக்கும் கத்தோலிக்கக் கதீட்ரலைச் சொல்லவில்லை. 1558-இல் கதீட்ரல் ஆனது. டச்சுக்காரர்கள் அதை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் இடித்தே விட்டான். 1887-இல் மறுபடி கட்ட ஆரம்பித்து 1905-இல் அர்ச்சித்தார்கள். கதீட்ரல் பறிபோய் 242 வருடம். பழைய கட்டடத்தின் கருங்கல் தூண் ஒன்று வளாகத்தில் நிற்கிறது. "அம்மச்சி சின்ன வயசில் அந்தத் தூணைக் காட்டித் தந்திருக்கு," என்றார். இறந்தபின் அம்மாவைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

குர்பானக்குக் கும்பளங்கிக்கே போன் செய்தார்கள். ஏழாம் நாள் அங்கே சொன்னார்கள், இங்கே விடியுமுன் எழுந்து போனில் கேட்டார்கள்.

அந்த ஞாயிறு தெரு முனைக் கோயிலுக்கும் வந்தார்கள், நானும் என் மனைவியும் கூடப் போனோம். நற்கருணை நேரத்தில் அவர் மனைவி வரிசையில் போய், கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் மட்டும் வாங்கினார். ஆராதனைக்கு முன்பே அந்தப் பெண் குரு எங்களிடம் வந்து, இறந்தவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டிருந்தார். மூன்று முறை சொல்லிப் பார்த்து, தாளில் தன் எழுத்தில் குறித்துக்கொண்டார். வாசிக்கும்போது ஊர்ப் பெயரையும் சேர்த்து வாசித்தார். கும்பளங்கியில் 'ள' வரவில்லை. யாரும் திருத்தவில்லை.