ஆணி அடித்த வாங்கு

நாட்டார் பாடல்களை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அமெரிக்கப் பெண்மணியின் நினைவு வரும். ஒலிவ் டேம் காம்ப்பெல் என்பது அவர் பெயர். அப்பலாச்சிய மலைமக்களிடையே வழங்கிய பழைய கதைப்பாடல்களைத் தேடித் திரட்டி, இசையறிஞர் செசில் ஷார்ப்புடன் சேர்ந்து 1917இல் நூலாக வெளியிட்டவர். நான் இங்கே சொல்லவந்தது அவருடைய மற்றொரு தேட்டத்தைப் பற்றி.

கணவர் ஜோன் காம்ப்பெல் 1919இல் மறைந்தபின், அம்மையார் டென்மார்க் சென்று, குருண்ட்விக்கின் சிந்தனையில் எழுந்த, பரீட்சையில்லாத கிராமியப் பாடசாலைகளைப் பார்த்துவந்தார். (பரீட்சையில்லாத பாடசாலை! எங்களுக்குக் கேட்கவே ஆசையாக இருக்கிறது.) 1925இல் வட கரோலினா மலைப்பகுதியிலுள்ள பிராஸ்டவுன் என்ற சிற்றூரில் அத்தகைய பாடசாலையொன்றைக் கணவர் பெயரால் நிறுவினார்.

அவ்வூர்க் கடைவாசலில் ஒரு வாங்கு கிடந்தது. வேலையற்ற நேரங்களில் ஆண்கள் அதிலிருந்து கதைத்தபடி வில்லுக்கத்தியாற் குச்சிகளைச் சீவுவார்கள். குச்சி தீர்ந்தால் வாங்கையே சீவுவார்கள். பொறுக்கமாட்டாத கடைக்காரர் அதில் ஆணிகளை அடித்துவைத்தார் என்று கதை. கடைக்காரருக்குச் சேதமாகப்பட்டது அம்மையாருக்குக் கைத்திறனாகப்பட்டது.

1930களின் பொருளாதார மந்தத்தில், காசைக் காண்பதே அரிதாயிருந்த அந்த விவசாயக் குடும்பங்களுக்கு இச்செதுக்கல் ஒரு வருமானமாயிற்று. ஆண்களும் பெண்களும் மரக்கட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய், தோட்டவேலை முடிந்தபின் செதுக்கிப் பாடசாலையிற் கொடுப்பார்கள். பாடசாலை அவற்றை வெளியூர்களில் விற்கும். 1935இல் வந்த மியூரியல் மார்ட்டின் என்ற ஆசிரியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர்களுக்கு வழிகாட்டினார். சிங்கமும் யானையும் அவர்களுக்கு முக்கியமல்ல. வாத்து, பன்றி, அணில், சுருண்டு தூங்கும் பூனை, ஏர் இழுக்கும் கோவேறு கழுதை ஆகியவையே வோல்நட், செரி மரங்களிலிருந்து பிறந்தன.

ஆசிரியை திருத்தி, சந்தை விலை வைத்தபின் அது எப்படி நாட்டார் கலையாகும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, கேட்டு வாங்குவோர் பெருகினால் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். ஆயினும், நகர மறுத்துக் காதைப் பின்னே மடித்து நிற்கும் கழுதையின் பிடிவாதத்தை எந்த ஆசிரியை சொல்லிக்கொடுப்பது? அதன் பின்னால் ஏர் பிடித்து நடந்தவனுக்கல்லவா அது தெரியும்.

சில வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் கவராய முனையால் மேசையில் ஓர் ஆட்டுத்தலையைக் கீறிவிட்டான். பாடம் முடியும்வரை அவனை எழுப்பி நிறுத்திவைத்தேன். அவன் படித்து முடித்துப் போய்விட்டான். மேசை அந்த வகுப்பறையிலேயே கிடக்கிறது. கொம்பின் வளைவு அச்சொட்டாக இருக்கிறது.