கிளம்பாத வண்டியும் புதுக்கோட்டைச் சாலையும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வரலாற்றைப் படித்த மாணவர்கள் தொண்டைமான் மன்னர்களை அறிவார்கள். நகருக்கு நேரான வீதிகளை வகுத்தளித்த சேஷையா சாஸ்திரியாரை அறிவார்கள். அம்மன் காசையும் அறிவார்கள். குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டைப் பற்றியோ சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றியோ எழுதச் சொன்னால் தயங்கமாட்டார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டது அத்தகைய பெருமை வாய்ந்த பொருளன்று. சாலையோரத்தில் ஒரு மோட்டார் வண்டி நிற்கிறது. அது கிளம்ப மறுக்கிறது. ஒருவர் அதைக் கிளப்ப முயல்கிறார். இந்தக் காட்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. புதுக்கோட்டைப் பகுதியில் அந்த வரலாறு சற்று வேறுபட்டது என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-ஆம் ஆண்டில்தான். மறு ஆண்டு அந்தப் பாதை மானாமதுரை வரை நீண்டது. ஆனால் திருக்குறுங்குடியிற் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் தென்னாட்டில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியது 1912-ஆம் ஆண்டில். அவருடைய தொடக்ககாலத் தடங்களுள் தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையும் ஒன்று. தஞ்சையும் திருச்சியும் மதுரையும் ரயிலை முதலிற் கண்டன. பஸ் பின்னால் வந்து அதற்குத் துணை நின்றது. புதுக்கோட்டையிலோ வரிசை மாறியது. ரயிலின் ஊதலைத் தம் ஊரில் கேட்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் மக்கள் மோட்டாரின் இரைச்சலைக் கேட்டுவிட்டார்கள்.

இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். தஞ்சாவூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். திருச்சி 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பஸ் கிளம்பவில்லையென்றால் அடுத்த வழி மாட்டு வண்டிதான். நீதிமன்றத்தில் வாய்தா உள்ளவரும், பிணியாளரைத் தஞ்சைக்கு அழைத்துச் செல்பவரும், பரீட்சைக்குப் போகும் மாணவரும் ஓர் இரவு முழுவதும் மாட்டின் நடைக்கு உட்பட வேண்டும். ஆகவே நின்றுபோன எஞ்சினை மறுபடி ஓடவைக்கும் கலை, வேடிக்கைக் கலையாக இங்கே இருக்கவில்லை.

எஞ்சின் ஏன் தானாகக் கிளம்புவதில்லை? நீராவி எஞ்சினுக்கு அடுப்பை மூட்டிக் காத்திருந்தால் போதும். ஆவி அழுத்தம் ஏறியதும் அது நகரும். பெட்ரோல் எஞ்சினின் இயல்பு வேறு. காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை அது முதலில் உருளைக்குள் இழுக்க வேண்டும். பிறகு நெருக்க வேண்டும். அதன் பின்னரே மின்பொறி அதற்குத் தீ வைக்கும். ஒருமுறை தீப்பற்றிவிட்டால் அந்த விசையே அடுத்த இழுப்பையும் நெருக்கலையும் செய்துகொள்ளும். அந்த முதல் சுழற்சியை மட்டும் வெளியிலிருந்து யாராவது கொடுத்தாக வேண்டும். பசித்தவனுக்கு முதல் கவளத்தை ஊட்டிவிடுவது போன்ற வேலை அது. சுழற்சி, பெட்ரோல், மின்பொறி ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் கூடினால் வண்டி கிளம்பும். ஒன்று குறைந்தாலும் கிளம்பாது. கிளம்பாத வண்டியைப் பற்றிய சாஸ்திரம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இந்தச் சாஸ்திரத்தின் முதல் ஆசிரியர் ஒரு பெண்மணி. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை, அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கணவரிடம் சொல்லாமலே, இரு புதல்வர்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு ஓட்டிச் சென்றார். அந்த வண்டியைக் கிளப்ப அதன் கனத்த சக்கரத்தைக் கையாலேயே சுழற்ற வேண்டும். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைப் பிணிக்கும் பட்டியால் அதைச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது, ஒரு மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டார். மேட்டில் ஏறமாட்டாமல் வண்டி திணறியபோது பிள்ளைகள் தள்ளினார்கள். மேடேறுவதற்கென்று இன்னொரு கியர் வேண்டும் என்று அவர் ஊர் திரும்பியதும் கணவரிடம் கூறினார், அது சேர்க்கப்பட்டது. கியரின் வரலாற்றிலும் பழுது பார்க்கும் வரலாற்றிலும் ஒரே பயணம் இடம்பெற்றிருப்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் நாட்டுக்கு வந்த பஸ்களில் சுழற்சி கொடுத்தது ஹாண்டில். வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்குக் கீழே உள்ள துளையில் வளைந்த இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றுவார்கள். இந்த வேலை ஓட்டுநருடையதன்று, கண்டக்டருடையதும் அன்று. கிளீனர் என்று அழைக்கப்பட்ட உதவியாளுடையது. பெரும்பாலும் அவர் மீசை முளைக்காத இளைஞராகவே இருப்பார்.

ஹாண்டில் அடிப்பதில் ஆபத்து இருந்தது. மின்பொறி உரிய நேரத்துக்கு முன்னதாகவே விழுந்துவிட்டால் எஞ்சின் முன்னோக்கிச் சுழலாமல் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையில் மணிக்கட்டு முறிந்தவர்கள் உலகெங்கும் பலர். ஆகையால் ஓட்டுநர் முதலில் பொறியைத் தாமதப்படுத்தும் நெம்பைத் திருத்தி வைக்க வேண்டும். கிளீனர் தம் கட்டை விரலைக் கம்பியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். கம்பியை மேலிருந்து கீழே அழுத்தலாகாது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். எஞ்சின் உதைத்தாலும் அப்போது கம்பி கையை விட்டு விலகிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கியர் விழுந்திருக்கும் வண்டி கிளம்பினால், எதிரே குனிந்து நிற்பவர் மீதே பாயும். ஓட்டுநரின் ஒரு கணக் கவனக்குறைவுக்கு விலை கொடுப்பவர் கிளீனர். திவான்களின் நிர்வாக அறிக்கைகளில் சாலைக்கும் பாலத்துக்கும் ஆன செலவைத் தேடலாம்; முறிந்த மணிக்கட்டின் கணக்கை எங்கே தேடுவது?

சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட அதே 1912-ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டிகளில் மின்சார ஸ்டார்ட்டர் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. அதை வகுத்தவர் சார்லஸ் கெட்டரிங். எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு ஆற்றலுள்ள மோட்டார் வண்டிக்குள் அடங்காது என்று மற்றவர்கள் எண்ணியிருந்தார்கள். கடைகளில் பணம் வாங்கும் இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்த அனுபவம் கெட்டரிங்குக்கு இருந்தது. சில விநாடிகளே வேலை செய்யும் மோட்டாரை அதன் சக்திக்கு மீறி உழைக்கவிடலாம். அது சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதே அவர் கண்ட நுட்பம். இன்றும் ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து இயக்காதே, சற்று ஓய்வு கொடு என்று கற்பிக்கிறார்களே, அந்த எச்சரிக்கைக்கு வேர் இங்கே இருக்கிறது. ஃபோர்டு நிறுவனத்தின் டி மாடல் கார்களுக்கு ஸ்டார்ட்டர் வந்தது 1919-இல். பஸ்களையும் லாரிகளையும் விட்டு ஹாண்டில் எளிதில் நீங்கவில்லை. நம் அம்பாஸடர் காரிலுங்கூட நெடுங்காலம் அது துணைக்கு வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது சுழற்சிக்குக் குறைவில்லை, பெட்ரோலுக்குத்தான் பஞ்சம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. அப்போது பஸ்ஸின் பின்புறத்தில் கரியடுப்பு ஏறியது. அடுப்பில் குறைந்த காற்றை விட்டு மரக்கரியை எரித்தால், எரிந்தும் எரியாத நிலையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கும். அதைக் குளிரவைத்து, தூசி நீக்கி, எஞ்சினுக்கு அனுப்புவார்கள். டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய கரிவாயுக் கலங்களைத் தானே உற்பத்தி செய்தது.

கரி பஸ்ஸைக் கிளப்புவது சமையலுக்கு அடுப்பு மூட்டுவதைவிடக் கடினம். கிளீனர் விடியுமுன் எழுந்து கரி இட்டு, தீ மூட்டி, துருத்தி விசிறியைச் சுற்றி, வாயு பிறக்கும்வரை காத்திருப்பார். சிறிதளவு பெட்ரோலில் எஞ்சினை ஓடவிட்டு, அது சூடேறியபின் வாயுவுக்கு மாற்றுவதும் உண்டு. கரி ஈரமாயிருந்தாலும், வடிகட்டியில் சாம்பல் அடைத்தாலும், குழாயில் காற்றுக் கசிந்தாலும் வண்டி கிளம்பாது. கிளம்பினாலும் வலிமையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். வாயுவோ நிறமும் மணமும் அற்ற நஞ்சு. அடைத்த கொட்டகைக்குள் அடுப்பை மூட்டலாகாது. இந்தக் காலத்தை வேடிக்கையாக நினைவுகூர்பவர்களை நான் கண்டிருக்கிறேன். விசிறியைச் சுற்றியவர்கள் அவ்வாறு நினைவுகூர்ந்திருக்க மாட்டார்கள்.

இனி, தள்ளிக் கிளப்பும் முறைக்கு வருவோம். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லவே கிளட்சும் கியரும் அமைந்தன. எஞ்சினை முன்னே வைத்து, கிளட்சு வழியாகவும் நகரும் பற்சக்கரங்கள் வழியாகவும் பின்சக்கரத்தை ஓட்டும் அமைப்பை 1891-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் பனார் லெவாஸோர் நிறுவனத்தார் நிலைநாட்டினார்கள். அந்தப் பாதை ஒருவழிப் பாதையன்று. சக்கரம் சுழன்றால் எஞ்சினும் சுழலும். பாட்டரி இறந்துபோன வண்டியில் சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, நாலு பேர் தள்ள, வண்டி ஓட்டம் பிடித்ததும் கிளட்சை விட்டால், சாலையே எஞ்சினைச் சுழற்றிவிடும். முதல் கியரில் விட்டால் சக்கரம் உதறி நின்றுவிடும். இரண்டாம் கியரே ஏற்றது. ஏரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் ஏரிக்கரைச் சரிவு இருந்தால் தள்ளுவதற்கு ஆளுங்கூட அதிகம் வேண்டியதில்லை. தானியங்கிக் கியர் வண்டியில் இது இயலாது. அங்கே எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருப்பது எண்ணெய். எஞ்சின் ஓடினால்தான் அந்த எண்ணெய்க்கே அழுத்தம் பிறக்கும்.

கியரால் இன்னோர் உதவியும் உண்டு. ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் பிளைவீலின் பல்லிற் சிக்கிக்கொண்டால், சாவியை அணைத்து, மேல் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைப்பார்கள். சிக்கல் விடுபடும்.

முதிய மெக்கானிக்குகள் பின்பற்றிய முறையைப் பார்த்தால் அவர்கள் முதலில் காதையே நம்பினார்கள் என்பது விளங்கும். சாவியைத் திருப்பினால் ஓசையே இல்லையா? டக்கென்று ஒரு தட்டல் மட்டும் கேட்கிறதா? அல்லது எஞ்சின் தாராளமாகச் சுழன்றும் பற்றவில்லையா? முதலிரண்டும் பாட்டரியையும் அதன் முனைகளையும் காட்டும். முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை இயக்கும்போது விளக்கு மங்கினால் ஐயம் தீர்ந்தது. முனையில் பூத்த வெண்பச்சைப் பூச்சைச் சுரண்டினாலே கிளம்பிய வண்டிகள் எத்தனையோ. மூன்றாவதாயின் பொறியையும் பெட்ரோலையும் தேட வேண்டும். கார்புரேட்டர் காலத்தில், சித்திரை வைகாசி வெயிலில் ஓடி நின்ற வண்டி மறுபடி கிளம்பாவிட்டால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது என்று கண்டு, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போர்த்துவார்கள். கையில் உள்ளவற்றுள் மிகவும் எளியதை முதலில் சோதிப்பது அவர்கள் வழக்கம். பாடபுத்தகம் இல்லாமல் பட்டறையில் வாய்மொழியாக வந்த இந்த ஒழுங்கு, ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பிக்கும் ஒழுங்குக்குச் சிறிதும் குறைந்ததன்று.

இன்றைய கார்களில் கிளட்சை மிதித்தாலன்றி ஸ்டார்ட்டர் இயங்காதபடி ஒரு மின்விசை வைத்திருக்கிறார்கள். சாவிக்குள் இருக்கும் மின்னணுக் குறியை வண்டி அடையாளம் காண வேண்டும். பெட்ரோலைப் பம்பு செய்வதும் பொறி விழும் நேரத்தைக் கணிப்பதும் மின்சாரத்தால் நடக்கின்றன. ஆதலால் பாட்டரி வலிமை குன்றியிருந்தால் தள்ளிக் கிளப்பலாம்; அடியோடு வற்றியிருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள மாசு நீக்கும் கருவிக்குள் சென்று அதைக் கெடுப்பதால், நெடுநேரம் தள்ளுவதும் நன்றன்று. மற்றொரு வண்டியின் பாட்டரியிலிருந்து கம்பி கொடுப்பதே ஏற்ற முறை. மின்சாரக் கார்களிலோ முதல் கவளம் ஊட்டவேண்டிய தேவையே இல்லை. அவற்றில் கிளட்சும் இல்லை, ஹாண்டில் செருகும் துளையும் இல்லை.