சத்தம் கேக்குது, பேச்சு புரியல: காது கிளினிக்கில் ஒரு கேள்வியின் வரலாறு

இந்த எபிசோடை ஒரு காத்திருப்பு அறையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஏதோ ஒரு மருத்துவமனை. காது மூக்கு தொண்டை ஓபி. பெஞ்சு முழுக்க ஆட்கள், தலைக்கு மேல ஃபேன் சத்தம், பக்கத்துல ஒரு குழந்தை அழுதுட்டு இருக்கு. உள்ளேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. கொஞ்சம் யோசிங்க. காது சரியா கேக்கலைன்னு வந்தவரை, பேரைக் காதால கேட்டு எழுந்து வரச் சொல்றோம். ரெண்டு தடவை கூப்பிட்டும் வரலைன்னா, அடுத்த சீட்டு.

அவருக்கு உள்ளே நடக்கிற டெஸ்ட்டை டெசிபல்ல அளக்க முடியும். வெளியே நடந்த இதை எதுல அளக்கிறது? இன்னைக்கு நம்ம கதை அதுதான்.

கிளாஸ்கோ, 1886. கப்பல் கட்டும் ஊர். அங்கே தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 100 பாய்லர் தொழிலாளர்களைச் சோதித்தார். ஒரு ஆள் பாய்லருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பார், வெளியே ரிவெட் அடிப்பாங்க. எட்டு மணி நேரம் ஒரு கோயில் மணிக்குள்ள உட்கார்ந்த மாதிரி. பார் கையில் இருந்த கருவி ஒரு கடிகாரம். அதோட டிக் டிக் சத்தம் எவ்வளவு தூரத்துல கேக்குதுன்னு பார்த்தார். ஆனா அதோட நிறுத்தல. ஒரு கேள்வியும் கேட்டார்: பொதுக்கூட்டத்துல பேசுறது உங்களுக்குக் கேக்குதா? 100 பேரில் 75 பேருக்கு அது கஷ்டம், இல்லைன்னா கேக்கவே கேக்காது. ஒப்பிட்டுப் பார்க்க அவர் எடுத்துக்கொண்ட தபால்காரர்களில் அந்த எண்ணிக்கை 8 தான்.

கவனிங்க, ஒரு கருவி, ஒரு கேள்வி. ரெண்டும் சேர்ந்தே வந்தது.

அதுக்கப்புறம் கருவி வேகமா வளர்ந்தது. 1920-களில் மின்சார ஆடியோமீட்டர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் செவித்திறன் இழந்து திரும்பிய வீரர்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் மறுவாழ்வுப் பிரிவுகள் தொடங்கின. ஆடியாலஜி ஒரு தனித் துறையா எழுந்து நின்னது அங்கேதான். நம்ம நாட்டில் மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965-ல் வந்தது. கேள்வி மட்டும் பின்தங்கிப் போச்சு.

அதைத் திரும்பக் கொண்டு வந்தவங்களில் முக்கியமான ரெண்டு பேர் ஐரா வென்ட்ரி, பார்பரா வைன்ஸ்டீன். 1982-ல் முதியவர்களுக்காக 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டாங்க. வீட்டில் பேசும்போது எரிச்சல் வருதா, புது ஆட்களைப் பார்க்கும்போது கூச்சமா இருக்கா, இந்த மாதிரி. பதில் மூணுதான்: ஆமாம், சில நேரம், இல்லை. 1999-ல் டென்மார்க்கில் கூடிய நிபுணர்கள் காது மிஷின் போட்டவர்களுக்காக வெறும் 7 கேள்விகளில் இன்னொரு படிவத்துக்கு வழி போட்டாங்க. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மாட்டுறீங்க என்பதில் அது ஆரம்பிக்கும். உங்க காதுப் பிரச்சினையால மத்தவங்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்றுகூட கேட்கும். வாங்கின மிஷின் அலமாரியில தூங்குதா, காதுல இருக்கான்னு ஆடியோகிராம் சொல்லாது. இந்தப் படிவம் சொல்லிடும்.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறியிருக்கீங்களா? கடைசியில இறங்கினா சிப்காட். ஸ்டீல் ரோலிங் மில், ஃபவுண்டரி, வாகன உதிரிபாகம். தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி எல்லாம் ஒரே ஷிஃப்ட்ல கேக்கும். கேக்குதான்னு சொல்றதுதான் பிரச்சினை. இந்திய விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கான இரைச்சல் வரம்பு 90 டெசிபல். 85-ஐத் தாண்டினாலே ஆபத்துன்னு பல நாடுகள் நினைக்குது.

இரைச்சல் காதைக் கெடுக்கும் விதம் வேற. முதல்ல பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் அடி விழும். உயிரெழுத்து கேக்கும். 'ஸ', 'த', 'ப' மாதிரி மெல்லிய மெய்யொலிகள் நழுவும். அதனாலதான் "சத்தம் கேக்குது, ஆனா என்ன பேசுறாங்கன்னு புரியல" என்று வந்து நிற்பாங்க. 1995-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம், நல்ல காதில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2016 சட்டத்திலும் கோடு 60-ல் தான் தொடங்குது. ரெண்டு காதிலும். ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் காதில் விழாம ஒரு தடவை தப்பிச்சவர், மக பேசுறது புரியாம தலையை மட்டும் ஆட்டுறவர், இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கலாம். சான்றிதழ் கிடையாது. ஆனா கஷ்டம் உண்டு.

இங்கே ஒரு சின்னக் கேள்வி எவ்வளவு தூரம் போகும்னு பாருங்க. 1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் ஒரு நோயா இருந்தது. அதைப் பார்க்கிற மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரியப்படுத்தணும்னு அந்தச் சட்டம் சொன்னது. ஆனா ஓபியில "எங்க வேலை பாக்குறீங்க? எத்தனை வருஷமா?" என்று யாராவது கேட்டால்தான் அந்தச் சங்கிலியே ஆரம்பிக்கும். கேட்கலைன்னா அது வெறும் வயசுக் கோளாறு. கேட்டாலும் கான்ட்ராக்ட் தொழிலாளி உண்மையைச் சொல்வாரா? வேலை போயிடுமோன்னு ஒரு பயம் இருக்கும்ல.

நோயாளிகிட்ட கருத்து கேட்கிற வழக்கம் நம்ம நாட்டுல இல்லாம இல்லை. 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 'மேரா அஸ்பதால்', அதாவது 'என் மருத்துவமனை' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. எஸ்எம்எஸ், ஆப், இணையதளம், அப்புறம் தானியங்கி போன் கால். நல்ல முயற்சி. ஆனா காது கேக்காதவருக்கு போன் கால்! அவர் கட் பண்ணிட்டா, அவரோட அனுபவம் கணக்கில் வராது. யாருக்கு அதிகம் கஷ்டமோ அவங்களே விட்டுப்போவாங்க.

இன்னொரு சிக்கல், "திருப்தியா?" என்ற கேள்வி. இலவச சிகிச்சை வாங்கினவர்கிட்ட கேட்டா "நல்லா பாத்தாங்க சார்" என்பார். 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் பிக்கர் திட்டத்து ஆய்வாளர்கள் இதைப் புரிஞ்சுக்கிட்டாங்க. திருப்தியைக் கேட்காதே, என்ன நடந்ததுன்னு கேளு என்றாங்க. நம்ம கிளினிக்குக்கு அதை மாத்தினா இப்படி வரும்: உங்க பேரைக் கூப்பிட்டது கேட்டுச்சா? முகத்தைப் பார்த்துப் பேசினாங்களா? மிஷின் மாட்டக் கத்துக் கொடுத்தாங்களா? பேட்டரி எங்கே கிடைக்கும்னு சொன்னாங்களா? உங்க மொழியில சொன்னாங்களா?

2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்டத்தில் கருவிகளும் ஆட்களும் கூடுறது நல்லது. இந்த ஐந்து கேள்விக்குப் பெரிய செலவு இல்லை, ஒரு தாள் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் போட்ட தாள். டோக்கன் நம்பருக்கு ஒரு போர்டு வச்சா முதல் கேள்விக்கு அன்னைக்கே பதில் மாறிடும்.

பார் தன் கடிகாரத்தை மட்டும் நம்பியிருந்தா, அந்த 75 பேரோட வாழ்க்கையில என்ன போச்சுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க வீட்டிலும் டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறவர் ஒருத்தர் இருக்கலாம். இன்னைக்கு அவர்கிட்ட முகம் பார்த்து, நிதானமா கேட்டுப் பாருங்க: எங்கெல்லாம் கேக்க மாட்டேங்குது?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.