கருப்பை வடிவத் திருத்த அறுவை: ஒரு வரலாற்று நோக்கு

மகப்பேறு வேண்டிச் சிகிச்சைக்கு வரும் பெண்ணின் கருப்பை பிறவியிலேயே வடிவம் மாறுபட்டிருப்பின், முதலில் அதனை அறுவையால் திருத்துதல் வேண்டும் என்னும் கருத்து மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவியது. அது எத்தகைய சான்றின்மேல் நின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவில் இரு குழாய்கள் ஒன்றிணைந்து, இடைப்பட்ட சுவர் கரைவதால் கருப்பை உருவாகிறது. ஜெர்மானிய அறிஞர் முல்லரின் பெயரால் அக்குழாய்கள் அழைக்கப்படுகின்றன. இணைவு முற்றுப்பெறாவிடில் இருகொம்புக் கருப்பையும், சுவர் கரையாவிடில் இடைச்சுவர்க் கருப்பையும் தோன்றும்.

பிளவுண்ட கருப்பையை ஒன்றாக்கும் அறுவையை 1907-இல் பெர்லின் மருத்துவர் பால் ஸ்ட்ராஸ்மன் வெளியிட்டார். யூத மரபினரான அவர் நாஜி ஆட்சியில் தம் மருத்துவமனையை இழந்து, 1938-இல் மறைந்தார். அமெரிக்காவில் குடியேறிய அவர் மகன் எர்வின் அம்முறையைப் பரப்பினார். அந்நாட்டிலேயே ஹோவர்ட் ஜோன்ஸ், இடைச்சுவரை ஆப்பு வடிவில் வெட்டி நீக்கும் முறையைக் கையாண்டார். 1981-இல் அமெரிக்காவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமான இணையரும் அவரும் அவர் துணைவியார் ஜார்ஜியானாவுமே.

இவை வயிற்றைத் திறந்து செய்யப்பட்டவை. 1970-களுக்குப் பின் கருப்பை வாய்வழி உள்நோக்கியைச் செலுத்திச் சுவரை வெட்டும் முறை வளர்ந்தது. தழும்பும் நெடுநாள் ஓய்வும் தவிர்க்கப்பட்டமையால் அறுவையைப் பரிந்துரைப்பதும் எளிதாயிற்று.

ஆயின் பயனை எவ்வாறு அளந்தனர்? அறுவைக்கு முன் நேர்ந்த கருச்சிதைவுகளையும் பின் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டனர். பலமுறை கருவிழந்த பெண்கள் பலர் அறுவையின்றியும் பின்னர்க் குழந்தை பெறுவர் என்பதை இவ்வொப்பீடு கணக்கிற் கொள்ளவில்லை.

இடைச்சுவர் நீக்கம் பற்றிக் குலுக்கல் முறையில் பகுத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021-இல்தான் வெளிவந்தது. நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்ற அப்பன்னாட்டு ஆய்வில் 80 பெண்கள் பங்கேற்றனர். உயிருள்ள குழந்தை பெற்றோர் அறுவை செய்துகொண்டோருள் 31 விழுக்காடு. செய்துகொள்ளாதோருள் 35 விழுக்காடு. ஆய்வு சிறிது, அதுவே இறுதித் தீர்ப்பாகாது. எனினும், ஐயமற்றதாகக் கருதப்பட்ட பயன் அதிற் புலப்படவில்லை.

இவ்வரலாறு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் உரியது. இவ்வமைப்புகளைக் ‘குறைபாடு’ என்று பெயரிடும்போதே திருத்தம் கட்டாயமாகிவிடுகிறது. ‘மலடி’ என்னும் வசைச்சொல்லைச் சுமந்த சமூகத்தில் அப்பெயர் பழியாகவும் மாறும். ‘வடிவ வேறுபாடு’ என்பதே பொருத்தமான சொல். அறுவை வேண்டுமா என்னும் வினாவை அது திறந்தே வைக்கிறது. அவ்வினாவுக்கு விடை கூறும் உரிமை அப்பெண்ணுக்கும் உண்டு.