பல்லாவரத்துக் கல்லும் பிரேசில் குரங்கும்

எங்க ஊர் சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து கடற்கரை போற மின்சார ரயில், பல்லாவரத்தில் நின்னுட்டுத்தான் போகும். 1863 மே 30 அன்று அங்கே ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு தொடங்குவது அந்தக் கல்லில்.

சரி, அது மனுஷன் செஞ்ச கல்தான்னு எப்படிச் சொல்றது?

கூர்மையான கற்சில்லுகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால், அது நம் மூதாதையரின் வேலை என்றுதான் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார்கள். 2016இல் டோமோஸ் பிராஃபிட் குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இதை ஆட்டிப் பார்த்தது. பிரேசிலின் செர்ரா ட கபிவாரா தேசியப் பூங்காவில் கபுச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதி, உதிரும் பொடியை நக்குகின்றன. அப்போது தெறிக்கும் சில்லுகளைப் பழங்காலக் கருவிகளோடு கலந்து வைத்தால் பிரிப்பது கஷ்டம். ஆனால் குரங்கு அந்தச் சில்லை எடுத்து எதையும் வெட்டுவதில்லை. அதுக்கு அது குப்பை. 2023இல் தாய்லாந்தின் நீள்வால் குரங்குகளிடமும் இதே கதை: பனைக்கொட்டை உடைக்கும்போது தற்செயலாகச் சில்லுகள்.

பல்லாவரக் கல்லுக்கு இதனால் ஆபத்தில்லை. கைக்கோடரியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செதுக்கணும்; அடுத்த அடி எங்கேன்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். சந்தேகம் வருவது அதைவிடப் பழைய, வெறும் சில்லுகள் மட்டும் கிடைக்கிற இடங்களில்தான்.

குரங்குக்குப் புதுப் பழக்கமே வராது என்றும் சொல்ல முடியாது. பந்திப்பூர்ல நாட்டுக் குரங்குகள் 'கூ' என்று குரல் கொடுத்து, கையை நீட்டி, ஆள் தன்னைப் பார்க்கிறாரா என்று கவனித்துச் சாப்பாடு கேட்பதை அத்வைத் தேஷ்பாண்டே, ஸ்ரீஜாதா குப்தா, அனிந்தியா சின்ஹா மூவரும் 2018இல் பதிவு செய்தார்கள். எல்லா ஊர்க் குரங்கும் இப்படிக் கேட்காது, பிடுங்கிட்டுப் போயிடும். ஆனா கை நீட்டுறதுக்கு மேல் இன்னொன்றைச் சேர்ப்பது குரங்குகளிடம் அபூர்வம்.

நம்ம ஆட்கள் மட்டும் உடனே சேர்த்துட்டாங்களா? திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டியெடுத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். அதே இடத்தில் கைக்கோடரி குறைந்து, சிறிய, வேறு உத்தியில் செய்த கருவிகள் வருவது சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அடுத்த வெர்ஷன் வர்றதுக்கு நடுவில் பத்து லட்சம் ஆண்டுக்கும் மேல்!