உளநல ஆலோசனையில் பண்பாடும் சாதியும்

உளநல ஆலோசகருக்கும் ஆலோசனை பெறுபவருக்கும் இடையிலான உறவை இனம், சாதி, மதம், மொழி ஆகியவை ஆழமாகப் பாதிக்கின்றன. மேலைநாட்டு முறைகள் சில ஆலோசகரை விலகி நிற்கும் நடுநிலையாளராகக் கருதுகின்றன. இதற்கு மாறாக, உளநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேக்கி, இந்தியச் சூழலுக்குக் குரு–சீடர் உறவு பொருந்தும் என 1973இல் முன்வைத்தார். இந்தியப் பண்பாட்டுக்கு ஏற்ப, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குவது வழக்கம்.

1956 நவம்பர் 1இல் தமிழகத்துடன் இணைந்த பத்மநாபபுரம் வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. இத்தகைய ஊர்களில் ஆலோசகர் வட்டார வழக்கை அறிந்திருப்பதும், சாதியைத் துருவும் கேள்விகளைத் தவிர்ப்பதும், சாதியால் பட்ட காயத்தை ஒருவர் சொல்லும்போது செவிகொடுப்பதும் நம்பிக்கைக்கு அடிப்படை.

சாதி, மதம், பண்பாடு காரணமான பாகுபாடின்றி மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 18 வழங்குகிறது.